தலை எண்ணும் பழக்கமும் காரணம் கேட்கும் பழக்கமும்



பூன் லே என்ற பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தத் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஜூரோங் தொழிற்பேட்டைக்குத்தான் போனார்கள். அந்தப் பேட்டைக்குப் பூன் லேயை ஒரு வாசல் என்று சொல்லலாம். 1990ஆம் ஆண்டு அங்கே ரயில் நிலையம் திறந்தார்கள். அதன்பின் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பாதையில் மேற்கே அதுதான் கடைசி நிலையம். அங்கே இறங்கி, பஸ் பிடித்து, ஆலைக்குப் போவார்கள். என் அம்மாவின் தம்பி, என் மாமா, அப்படிப் போனவர்தான். பள்ளி விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போய் நான்கு நாள் தங்கியிருந்தபோது கேட்டதும், அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதுமே இன்றைய பேச்சு.

பூன் லே என்பது ஒரு மனிதரின் பெயர். சியூ பூன் லே என்ற சீன வணிகர் 1933இல் காலமானார். ஜூரோங் வட்டாரத்தில் அவருக்குப் பெரிய நிலம் இருந்தது. அதில் முதலில் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். காம்பியர் என்பது தோல் பதனிடவும் சாயம் போடவும் உதவிய செடி. வெற்றிலையோடு சேர்த்துப் போடுவதும் உண்டு. பிறகு அந்த நிலம் ரப்பருக்கு மாறியது. ஆக, இன்று அடுக்குமாடி வீடுகளும் ஆலைகளும் நிற்கிற அந்த இடம் ஒரு காலத்தில் நம்முடையதைப் போன்ற ஒரு தோட்டம். ஒரே மண்ணில் முதலில் தோட்ட வேலை, பிறகு ஆலை வேலை. இரண்டுக்கும் ஆட்களை நடத்தத் தலைவர்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் தலைவர்களின் பழக்கங்கள் எப்படி இருந்தன, எந்தப் பழக்கம் வேலையையும் வேலை செய்தவரையும் வளர்த்தது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ரப்பரின் கதை. 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மரம் வளர்ந்ததே தவிர, அதனால் என்ன பயன் என்று தோட்டக்காரர்களுக்குப் புரியவில்லை. காப்பியிலும் மிளகிலும் பணம் பார்த்தவர்கள் அவர்கள். 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பட்டப்பெயர் விழுந்தது. 1896இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீனர்தான் அவர் பேச்சை நம்பி முதன்முதலில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டார்.

ரிட்லியின் பெரிய வேலை மரத்தை எப்படி வெட்டுவது என்று கண்டுபிடித்தது. பிரேசில் காடுகளில் கோடாலி போன்ற கருவியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்பட்டுப் போகும். ரிட்லி பட்டையை மெல்லியதாகச் சீவிப் பார்த்தார். காலையில் சீவினால் எவ்வளவு பால், மாலையில் சீவினால் எவ்வளவு என்று அளந்தார். புது இடத்தில் வெட்டுவதைவிட, வெட்டிய இடத்தையே மறுபடி மெல்லச் சீவினால் பால் கூடுதலாக வருவதைக் கண்டார். நடுவில் நெட்டுக்கு ஒரு கோடு, இரு பக்கமும் அதை நோக்கிச் சாய்ந்த கோடுகள்: மீன் முள் மாதிரி இருந்ததால் அதற்கு மீன்முள் வெட்டு என்று பெயர். இன்று நாம் வெட்டும் முறை அதிலிருந்து மாறிவிட்டது. ஆனாலும் விடியற்காலையில் எழுந்து, நேற்று வெட்டிய காயத்தையே இன்றும் மெல்லியதாகச் சீவுகிறோமே, அந்தப் பழக்கம் அங்கே இருந்து வந்ததுதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா ஏன் இருட்டில் எழுந்து போகிறார் என்று கேட்டால், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பார்கள். அதை ஒருவர் வருடக்கணக்கில் அளந்து பார்த்துச் சொன்னார் என்பது எனக்குப் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும்.

ரிட்லி மரத்தைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டார், மரமும் பதில் சொன்னது. அந்த மரத்தை வெட்டிய மனிதரை யார் கேள்வி கேட்டார்கள்?

இங்கேதான் கங்காணி வருகிறார். மலாயாவில் ரப்பர் பரவியபோது தோட்டங்களுக்கு வேலையாட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்து வந்தவர் கங்காணி. கூட்டி வந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு உண்டு. அதோடு முடியவில்லை. அவர் கொண்டுவந்த ஆட்களில் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குத் தனியாகக் காசு உண்டு. தலைக்காசு என்பது இதுதான்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கங்காணியின் வருமானம் எத்தனை பேர் பெரட்டில் நின்றார்கள் என்பதில் இருக்கிறது. அவர்கள் நன்றாக வெட்டினார்களா, பட்டை காயாமல் வெட்டினார்களா, கை தேறியதா என்பதில் இல்லை. காய்ச்சலில் கிடப்பவரைப் பெரட்டுக்கு இழுத்து வந்தாலும் ஒரு தலை ஒரு தலைதான். வேலை பழகியவரும் ஒரு தலை, நேற்று வந்தவரும் ஒரு தலை. இப்படிக் கூலி கொடுத்தால் அந்தத் தலைவருக்கு என்ன பழக்கம் வரும்? தலை எண்ணும் பழக்கம்தான் வரும்.

என் தாத்தாவும் தண்டலாக இருந்தவர். கங்காணி என்பது பின்னாளில் தண்டல் என்று ஆனது உங்களுக்குத் தெரியும். பாட்டி சொல்லுவார்: தாத்தா விடியலில் விளக்கோடு லயத்துக்கு லயம் கதவைத் தட்டிக்கொண்டே போவாராம். உள்ளே என்ன சங்கதி என்று கேட்கவே மாட்டாராம். "எழும்பு, எழும்பு" என்ற இரண்டு சொல்தான். ஆனால் அதே தாத்தா சாயங்காலம் அந்த வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைப்பார்; கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பார்; ஊருக்குக் கடிதம் எழுத ஆள் பிடித்துக் கொடுப்பார். ஆகவே கங்காணிகள் எல்லாரையும் கொடியவர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடுவது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன். சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டி வந்தவர்கள் அவர்கள். வீட்டு விஷயத்தில் மனிதனாக இருந்தவரைக் காலைப் பெரட்டில் கணக்குப் புத்தகமாக மாற்றியது அந்தத் தலைக்காசு முறை. 1938இல் கூலிகளை உதவி கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடுத்ததோடு கங்காணி ஆள் சேர்ப்பது நின்றது. பழக்கம் நின்றதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் கிடைத்தது. ஆர். எச். நாதன் என்பவர் முன்னின்று நடத்திய அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொழிலாளர்கள் கேட்டவற்றில் சம்பளமும் இருந்தது. கூடவே வேறு என்னென்ன இருந்தன தெரியுமா? பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும், சரியான மருத்துவம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், உறவினர் தடையில்லாமல் வந்து போக வேண்டும், பெண்களிடம் மேலாட்கள் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும். சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறவன் துரையைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற வழக்கம் எத்தனை வருடமாக மனத்தில் முள்ளாகக் குத்தியிருந்தால் அது கோரிக்கைப் பட்டியலில் ஏறியிருக்கும்! இவற்றில் பலவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. யாராவது ஒரு நாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

இனி மறுபடி பூன் லே பக்கம் வருவோம்.

1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது அங்கே வேலையில்லாத் திண்டாட்டம் பெரிதாக இருந்தது. துறைமுகத்தை நம்பியே ஊர் வாழ முடியாது, ஆலைகள் வேண்டும் என்று அப்போதைய நிதி அமைச்சர் கோ கெங் சுவீ முடிவு செய்தார். 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. அதே ஆண்டு ஜூரோங்கில் சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும் குன்றுகளை வெட்டிச் சமன்படுத்தவும் தொடங்கினார்கள். ஆலைக்காரர்கள் உடனே ஓடி வரவில்லை. சாலை போட்ட நிலம் வெறுமனே கிடந்தது. கோவின் மடத்தனம் என்று கேலி பேசினார்கள். ரிட்லிக்கு ஒரு பட்டப்பெயர், இவருக்கு ஒரு பட்டப்பெயர்! 1963இல் தேசிய இரும்பு உருக்காலை வேலை தொடங்கியது. 1965இல் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் டயர் ஆலை வந்தது. நம் பால்தான் டயராக உருளுகிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தபின் ஆலைகள் வேகமாகப் பெருகின; ஆலைகளோடு வீடுகளும் எழுந்தன.

அந்த நேரத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் தேவன் நாயர். மலையாளக் குடும்பத்தில் 1923இல் மலாக்காவில் பிறந்தவர். தந்தையார் ரப்பர் தோட்டத்தில் கிராணி. தேவன் நாயர் ஆசிரியராக வேலை பார்த்தார், ஆங்கிலேயர் காலத்தில் சிறைக்கும் போனார். தோட்டத்துக் காற்றும் பள்ளிக்கூடச் சுண்ணாம்புத் தூளும் பட்டவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனி ஒட்டுதல் உண்டு. 1969இல் அவர் தலைமையில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஒரு கருத்தரங்கு நடத்தி, சங்கம் என்றால் சண்டை மட்டும் போடுவது என்ற பழைய பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பேசியது. மறுவருடமே காப்புறுதிக் கூட்டுறவும் டாக்சிக் கூட்டுறவும் வந்தன. 1973இல் விலைவாசி ஏறியபோது கூட்டுறவுக் கடை திறந்தார்கள். 1981இல் அவர் சிங்கப்பூரின் அதிபரானார். 1985இல் பதவி விலகினார். சங்கம் அரசாங்கத்தோடு இப்படி ஒட்டிப் போனது சரிதானா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

1981ஆம் ஆண்டு நம் கதைக்கு முக்கியமானது. மலிவான கூலியை வைத்துக்கொண்டு வெகுகாலம் ஓட்ட முடியாது, சம்பளம் உயர வேண்டுமானால் ஒவ்வொருவர் வேலையின் பலனும் உயர வேண்டும் என்று அரசாங்கம் முடிவுக்கு வந்திருந்தது. அப்போது உலகமே ஜப்பானைப் பார்த்துக்கொண்டிருந்தது. போரில் தரைமட்டமான நாடு முப்பது வருடத்தில் எப்படி எழுந்தது? சிங்கப்பூரில் இருந்த ஜப்பானிய ஆலை அதிகாரிகளைக் கூப்பிட்டுப் பிரதமர் லீ குவான் யூ விசாரித்தார். அதே ஆண்டு குழு அமைத்து, அறிக்கை வாங்கி, உற்பத்தித் திறன் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1982 முதல் நவம்பரில் உற்பத்தித் திறன் மாதம் கொண்டாடினார்கள். டீமி என்ற தேனீப் பொம்மை ஒன்றைச் சின்னமாக வைத்து, சுவரொட்டியிலும் தொலைக்காட்சியிலும் பாட்டுப் பாட வைத்தார்கள்.

ஜப்பானிலிருந்து வந்தவற்றில் ஒன்றுதான் தரக்கட்டுப்பாட்டு வட்டம். 1962இல் இஷிகாவா என்ற பேராசிரியரின் முயற்சியால் ஜப்பானில் தொடங்கியது அது. முறை மிகவும் எளிது. ஒரே இடத்தில் வேலை செய்யும் ஐந்தாறு பேர், பத்துப் பேர் கூடி உட்கார்கிறார்கள். தங்கள் வேலையில் எது கெடுகிறது என்று அவர்களே பேசுகிறார்கள். இஷிகாவா அதற்கு ஒரு படம் போடக் கற்றுக்கொடுத்தார். நடுவில் நெட்டுக்கு ஒரு கோடு. அதன் தலையில் குறையை எழுத வேண்டும். இரு பக்கமும் சாய்ந்த கோடுகள். அவற்றில் காரணங்களை எழுத வேண்டும். ஆள், இயந்திரம், பொருள், செய்முறை என்று ஒவ்வொரு முள்ளாக. அதற்கு என்ன பெயர் தெரியுமா? மீன்முள் படம்! ரிட்லி மரத்தில் கீறிய அதே உருவம். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் மறப்பதில்லை.

இப்போது மாமாவின் கதை. பூன் லே அங்காடியில் காலை பசியாற உட்கார்ந்திருந்தோம். "நீங்கள் வேலை செய்தபோது இந்த வட்டம் கிட்டம் எல்லாம் இருந்ததா மாமா?" என்று கேட்டேன். "இருந்துச்சே தம்பி. முதல்ல எங்களுக்குப் பிடிக்கவே இல்ல" என்று ஆரம்பித்தார்.

அவர் வேலை செய்தது மின்பொருள் பாகங்கள் பூட்டும் ஓர் ஆலையில். வரிசையாகப் பெண்களும் ஆண்களும் உட்கார்ந்து, சூட்டுக்கோல் வைத்து ஈயப்பற்று வைப்பார்கள். 1983 வாக்கில் மத்தியானத்துக்கு மேல் செய்த சாமான்களில் பற்று சரியாகப் பிடிக்காமல் நிறைய கழிந்து போயிற்று. முதலில் இருந்த மேலாள் எண்ணிக்கைப் பலகையை எடுத்து வந்து, "சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறீர்கள்" என்று சத்தம் போட்டார். கழிவு குறையவில்லை. எல்லாரும் பயந்து போய்க் கெட்ட சாமானை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு அந்த வரிசைக்கு மலாய்க்கார அம்மா ஒருவர் தலைவியாக வந்தார். எல்லாரும் காக் என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று பொருள். அவரிடம் சில பழக்கங்கள் இருந்தன. வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் முன்னதாக வந்து வரிசையில் ஒரு நடை நடந்து, ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். கெட்ட சாமானைக் கொண்டுவந்து காட்டினால் திட்ட மாட்டார்; "எப்போது கண்டாய்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். வட்டம் கூடும்போது கடைசியில்தான் பேசுவார். இந்தக் கடைசிப் பழக்கம்தான் கஷ்டம் என்றார் மாமா. தலைவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களாம்.

அப்படி ஒரு நாள் வட்டம் கூடியது. ஆள் தூங்குகிறார், ஈயம் மட்டம், சூட்டுக்கோல் பழசு என்று மீன்முள்ளில் எழுதிக்கொண்டே போனார்கள். அந்த வரிசையில் தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆங்கிலம் வராது, மலாய் கொஞ்சம்தான் வரும். "அது வாயைத் தொறந்து நான் பார்த்ததே இல்ல தம்பி. காக்தான், நீ என்னம்மா நெனைக்கிற, தமிழ்லேயே சொல்லு, இந்த அண்ணன் மாத்திச் சொல்லுவாருன்னு என்னைக் காட்டுனாங்க." அந்தப் பெண் சொன்னாள்: மத்தியானம் வெக்கை என்று எல்லாரும் காற்றாடியைப் போட்டுவிடுகிறோம். அந்தக் காற்று நேராகச் சூட்டுக்கோல்மேல் அடிக்கிறது. அடுப்பில் காற்றடித்தால் சட்டி காயுமா?

அவ்வளவுதான் விஷயம்! சூட்டுக்கோலின் நுனி ஆறிப்போனால் ஈயம் முழுதாக உருகிப் பிடிக்காது. பொறியாளர் வந்து அளந்து பார்த்தார், உண்மைதான். காற்றாடியைத் திருப்பி வைத்து, மேசைகளுக்குச் சின்னத் தடுப்பு அடித்தார்கள். கழிவு மளமளவென்று குறைந்தது. காக் இன்னொன்றும் செய்தார். பலகையில் அந்த யோசனைக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினார். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவளையே கேட்டு எழுதினார். பெரட்டுப் புத்தகத்தில் நம்மவர் பெயர்களைக் கிராணிமார் எழுதிய அழகைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஓய்ந்து உட்காரவில்லை. இரண்டு வருடத்தில் அவளே ஒரு வரிசைக்குத் தலைவியானாள் என்றார் மாமா.

நேயர்களே, இதைக் கேட்டுவிட்டு உற்பத்தித் திறன் இயக்கம் என்றால் எல்லாம் தேனும் பாலும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே மாமா சொன்ன இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கழிவு குறைந்து வேலை வேகமானதும், அடுத்த மாதமே மேலே இருந்தவர்கள் நாளைக்கு முடிக்க வேண்டிய எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்கள். சம்பளத்தில் மாற்றமில்லை. அடுத்த வட்டத்தில் யாரும் பேசவில்லை. காக் எவ்வளவோ கேட்டும் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தேனீப் படம் ஒட்டுறாங்க தம்பி. தேனை யாரு எடுக்குறாங்கன்னு போடல" என்று சிரித்தார் மாமா. காக் மேலே போய்ச் சண்டை போட்டு, ஊக்கத்தொகை என்று கொஞ்சம் வாங்கித் தந்த பிறகுதான் மறுபடி வாய் திறந்தார்களாம். கேட்கும் பழக்கம் மட்டும் இருந்து, கேட்டதற்குப் பங்கு கொடுக்கும் பழக்கம் இல்லாவிட்டால், அது தலைக்காசைவிட மோசமான தந்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது. தலை எண்ணியவர் தலையை மட்டும்தான் எடுத்துக்கொண்டார். இவர்கள் அதற்குள் இருப்பதையும் அல்லவா எடுத்துக்கொள்கிறார்கள்?

1985இல் சிங்கப்பூரின் பொருளாதாரம் சரிந்தது. ஆட்களைக் குறைத்தார்கள். மறுவருடம், முதலாளிமார் மத்திய சேமநிதிக்குக் கட்டும் பங்கை நூற்றுக்கு 25லிருந்து 10ஆகக் குறைத்தார்கள். நன்றாக உழைத்தால் வேலை நிலைக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. வட்டத்தில் நன்றாகப் பேசியவர்களும் வேலை இழந்தார்கள் என்று மாமா சொன்னார். உலகச் சந்தை சரிந்தால் நல்ல தலைவரால் மட்டும் அதைத் தடுத்துவிட முடியாது. ரப்பர் விலை இறங்கிய காலங்களைப் பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆள் குறைப்பு வந்தபோது காக் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, தானே சொன்னாராம். அறிவிப்புப் பலகையில் எண்ணை ஒட்டிவிட்டுப் போகவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகும் மாமா அதை நினைவில் வைத்திருக்கிறார்.

பூன் லேயிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்டலாக இருந்த தாத்தாவைப் பற்றி இவ்வளவு பேசினேனே, நான் என்ன செய்கிறேன்? காலை மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிடுகிறேன். வந்தவனுக்குக் கோடு, வராதவனுக்குச் சுழி, தாமதமாக வந்தவனுக்குச் சிவப்பு மையில் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு மேலே அனுப்புகிறேன். நானும் தலை எண்ணுகிறவன்தான்.

என் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி தாமதமாக வருவான். அவன் பெயருக்கு நேரே ஒரு வருடம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். பல நாள் அவனை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் புள்ளிகள் எல்லாம் செவ்வாயிலும் வெள்ளியிலும்தான் இருந்தன. நானே என் கையால் போட்ட புள்ளிகள், ஒரு வருடமாக என் கண்ணில் படவில்லை.

கூப்பிட்டு, ஏன் என்று கேட்டேன். தங்கச்சியைப் பார்த்துக்க ஆள் இல்லை சார் என்றான். அம்மா எங்கே என்றேன். செம்பனைக்கு விடியலிலேயே வேன் வந்துவிடும். அப்பா ஆலையில் இரவு வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் வருவார். பாட்டி? பாட்டி பார்த்துக்கொள்வார், ஆனால் செவ்வாயும் வெள்ளியும் கோயிலைக் கூட்டிக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அதுவரை இவன் காத்திருக்க வேண்டும். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கல சார்" என்றான்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். இப்போது செவ்வாயும் வெள்ளியும் அந்தக் குழந்தை அண்ணனோடு வந்து என் வகுப்பில் கடைசிப் பலகையில் உட்கார்ந்துகொள்கிறது. பாட்டி எட்டரை மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார். பதிவேட்டில் அந்தத் தலைக்குப் பெயர் இல்லை. நாலு வயது; ஒரு துண்டு சுண்ணாம்புக்கட்டி கொடுத்தால் போதும், தரையில் ஏதாவது கீறிக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும்.